ரெண்டு மணி வரைக்கும் காவல்

காதுல கொசு. இடது காதுக்குப் பின்னாடி, ஹெல்மெட் வார் உரசுற எடமாப் பாத்து உக்காந்துருக்கு சனியன். கை ரெண்டும் துப்பாக்கியில இருக்கு, எடுக்க முடியாது. எடுக்கலாம், எடுத்தா ஒண்ணும் தூக்குல போட்டுற மாட்டாங்க. ஆனா எதிர்க் கம்பத்துல கேமரா இருக்கு, கேமராவுக்கு அந்தப் பக்கம் சார்ஜெண்ட் லிம் இருக்காரு. எம் மகனவிட ஏழெட்டு வயசுதான் கூட இருக்கும், அந்தப் பையன் நேத்து எங்கள வரிசையா நிக்க வச்சுச் சொல்லுது, வாசல்ல நிக்கிறவங்கதான் முகாமோட முகம்னு. முகம் காதச் சொறிஞ்சுக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? குடிச்சுக்க தாயி. வருசம் பூரா ஊரு ரத்தத்த நான் எடுக்குறேன், எங்கிட்ட நீ ஒரு சொட்டு எடுத்தா என்ன கொறஞ்சு போச்சு. ஆனா நீ எடுக்குற லட்சணம் சரியில்ல. நான் எடுத்தா வலிக்காது. கேட்டுப் பாரு, ஆய்வுக்கூடத்துல யாரை வேணா கேட்டுப் பாரு, எங்க அறையில நாலு நாற்காலி, என் நாற்காலிக்கு மட்டும் கெழவிங்க காத்துக்கிடப்பாங்க, மத்த மூணும் காலியா இருந்தாலும் "நான் இந்தியப் பொண்ணுகிட்டயே எடுத்துக்கிறேன்"னு சீனப் பாட்டிங்க கைப்பைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்துருப்பாங்க. நாப்பத்து மூணு வயசுல என்னையப் பொண்ணுன்னு சொல்ல அந்தப் பாட்டிங்கள விட்டா ஆளு கெடையாது. வருசம் முழுக்க அங்க வெள்ளைக் கோட்டு, ரெண்டு வாரம் இங்க பச்சைச் சட்டை. தொண்டூழியப் படை. சம்பளத்துக்குச் சேந்த படை இல்ல, சட்டம் பிடிச்சு இழுத்துட்டு வந்ததும் இல்ல. நானா வந்தேன். நானா வந்து நானா நிக்கிறேன், இன்னைக்குப் பாத்து, ரெண்டு மணிக்கு அங்க என் பொழப்பு முடிவாகுற இன்னைக்குப் பாத்து.

நெனைக்கக் கூடாதுன்னுதான் நெனைச்சேன். கண்ணு ரோட்டுல இருக்கணும். ரோடு வெந்துக்கிட்டு கெடக்கு, ஒரு வண்டியக் காணோம். பன்னெண்டு மணிக்கு ஏறுனோம், நானும் ரமோனும், நான் உள்ள வர்ற பக்கம், அவன் வெளிய போற பக்கம். கைப்பேசியக் காவலறைப் பெட்டியில வச்சுப் பூட்டியாச்சு. பூட்டுறதுக்கு முன்னாடிதான், காலையில கோப்பியும் ரொட்டியும் கையில இருக்குறப்ப, ரெஜினா அக்கா கூப்புட்டுது. ரெஜினா அக்காதான் எங்க ரத்த அறைக்குப் பொறுப்பு, அடுத்த மாசம் ஓய்வு, இங்கயே பொறந்து வளந்த தமிழ். "அங்கை, எங்க இருக்க?"ன்னுச்சு. முகாம்லதான்க்கான்னேன். "தெரியும்லா, சும்மா கேட்டேன். இந்தா, நல்லாக் கேட்டுக்க. என் எடத்துக்கு மேனேஜர் மிஸ்டர் கோ இன்னைக்கே ஒரு பேர அனுப்பணுமாம், மேலிடத்துல கேட்டுட்டாங்களாம். ரெண்டு மணிக்கு உன்னையும் ஷெர்லியையும் பாக்கணும்னு சொல்றார். நான் உன் பேரத்தான் சொல்லியிருக்கேன், ஆனா நேர்ல வராத ஆளுக்கு எப்படிக் குடுப்பார் சொல்லு. உங்க சார்ஜெண்ட்கிட்ட அர நாள் கேட்டு டாக்சி பிடிச்சு வந்துரு." நான் ரொட்டியக் கோப்பியில முக்குனேன். அக்காவுக்குக் கோவம் வந்துருச்சு. "ஏன்லா உனக்கு இந்த வேலை? ஆம்பளைங்க கட்டாயத்துக்குப் போறானுங்க, வேற வழியில்ல. உன்னை யார் கூப்பிட்டா? கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைன்னா எப்படி?" எனக்கு மீசையே இல்லையேக்கான்னேன். "சிரிக்காத. ஷெர்லி காலையில புதுச் சட்டை போட்டுட்டு வந்துருக்கா"ன்னு சொல்லிட்டு வச்சுருச்சு. புதுச் சட்டை. நானும் போட்டுத்தான் இருக்கேன், கஞ்சி போட்ட மாதிரி வெறைப்பா, முதுகெல்லாம் உப்புப் பூத்து.

பதினோரு வருசம். அந்த அறையில ஊசி வைக்கிற தட்டு எங்க இருக்குதுன்னு கண்ணக் கட்டிவிட்டாலும் எடுப்பேன். ஷெர்லி வந்து நாலு வருசம் இருக்கும். கெட்டவ இல்ல, கையும் சுத்தம், கொழந்தைங்க அழுதா மட்டும் அவளுக்குப் பதட்டம் வந்துரும், என்னையப் பாப்பா, நான் எந்திரிச்சுப் போயி சின்ன நரம்புக்குன்னு இருக்குற பட்டாம்பூச்சி ஊசிய எடுப்பேன். அவளே பொறுப்பாயிட்டா அப்ப யாரப் பாப்பா? அது என் கவலையா? என் கவலைதான். போகலாமே, கேட்டுருக்கலாமே. லிம் நல்ல பையன், குடும்பக் காரணம், வேலைக் காரணம்னா மேல சொல்லி வாங்கித் தருவான், போன வாரம் ஒருத்தருக்கு வீட்டுல தண்ணிக் குழாய் வெடிச்சுருச்சுன்னு அர நாள் விட்டாங்க. கேக்க நேரமும் இருந்துச்சு. கோப்பிக் கப்பக் கழுவிட்டு லிம் மேசைக்கு முன்னாடி போயி நின்னேன். அவரு நிமுந்து பாத்து, "என்ன, அங்காயா?"ன்னாரு. அவருக்கு என் பேரு முழுசா வராது, சட்டையிலயும் முழுசா தைக்க எடம் பத்தல, மதுரையில மீனாட்சிக்கே வச்ச பேரு இங்க பாதியில நிக்குது. ஒண்ணுமில்ல சார்ஜெண்ட், காவலுக்கு ரெடின்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஏன் அப்பிடிச் சொன்னேன்? ரமோனுக்காகன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நான் போனா அவன் என் எடத்தையும் சேத்து நிக்கணும், ஹோட்டல்ல சமையல் வேலை பாக்குறவன், ராத்திரியெல்லாம் அடுப்புல நின்ன காலு, ஏற்கனவே கணுக்கால் வீங்கிப் போயி இருக்கு. அவனும் எம் மாதிரிதான், பொழைக்க வந்து இங்கயே வேர் விட்டவன். நியாயமான காரணம்தான். ரொம்ப நியாயமா இருக்குறதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து. தனபால் சொன்னது இது, என் வீட்டுக்காரரு, கப்பல் பட்டறையில கிரேன் ஓட்டுறவரு. நான் இதுல சேரப் போறேன்னு சொன்ன அன்னைக்கு, சோத்துல ரசத்த ஊத்திக்கிட்டே சொன்னாரு. "பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? நீ என்னடான்னா படைக்கு முந்துற. நம்மளக் கூப்புடக் கூட இல்லையே, அங்கை." கூப்புடலதான். வெளியூர்லருந்து வந்து குடியேறுன எங்க தலைமுறைக்குத் தேசிய சேவைங்குற கட்டாயப் படைவேலை கெடையாது. பிள்ளைங்களுக்கு உண்டு. கபிலனுக்கு உண்டு, எம் மகனுக்கு, அடுத்த வருசம். அதுதான் ஆரம்பம். மேல் மாடி ஹமீதா மகன் படையில சேர்ற அன்னைக்கு அவங்களோட நாங்களும் போயிருந்தோம். கொண்டு போயி விட்டுட்டு எல்லாக் குடும்பமும் அங்கயே சாப்புடுது. அப்பன்மாருங்க எல்லாம் மகனுங்க தோள்ல தட்டி, எங்க காலத்துல இப்பிடியா இருந்துச்சு, இந்தச் சோறா போட்டாங்கன்னு கேலி பேசுறாங்க. அம்மாக்காரிங்க அழுகுறாங்க. தனபால் ஓரமா நின்னு போனப் பாத்துக்கிட்டு இருக்காரு, பேச ஒண்ணும் இல்ல மனுசனுக்கு. கபிலன் அதப் பாத்தான். அவன் பாக்குறத நான் பாத்தேன். திரும்பி வர்றப்ப பஸ்ஸுல கேட்டான், "அம்மா, உள்ள போனா எப்படி இருக்கும்?" எனக்கு எப்பிடித் தெரியும்? பெத்தவ நான், எம் புள்ளைய எங்க அனுப்புறேன்னு எனக்கே தெரியாது. பால் சூட்டப் பொறங்கையில விட்டுப் பாக்காம எவளாவது புள்ளைக்குக் குடுப்பாளா? நாமளே போயிப் பாத்துருவோம்னு அன்னைக்குத் தோணுனதுதான். தனபால் கத்துனாரு, அப்பறம் ரெண்டு நாள் பேசல, மூணாம் நாள் கடைக்குப் போயி எனக்குக் கனமான காலுறை நாலு ஜோடி வாங்கிட்டு வந்தாரு, பேசாமலே மேசையில வச்சாரு. அந்தாளு அப்பிடித்தான்.

வேர்வை கண்ணுல எறங்குது. சிமிட்டலாம், சிமிட்டுறதுக்குத் தடையில்ல. முதல் வருசம் பயிற்சிக்கு வந்தப்ப செத்தே போயிட்டேன்னு நெனைச்சேன். ஓடச் சொன்னா மூச்சு எங்க இருக்குதுன்னே தெரியல, கூட ஓடுனது பூரா சின்னஞ்சிறுசுக, வங்கியில வேலை பாக்குறது, கம்ப்யூட்டர் படிச்சது. எல்லா உத்தரவும் மலாய்ல. செடியான்னா வெறைச்சு நிக்கணும், செனாங் டிரின்னா கால அகட்டி நிக்கணும், எனக்கு முதல் வாரம் பூரா மாறி மாறித்தான் வந்துச்சு. ஊரே வெறைச்சு நிக்கும், நான் மட்டும் காத்து வாங்குற மாதிரி கால அகட்டிக்கிட்டு நிப்பேன். சிரிச்சாங்க, சிரிக்கட்டும். துப்பாக்கியக் கழட்டி மாட்டுறதுல நான் பிடிச்சுக்கிட்டேன். ஊசி, குழாய், மூடி, பட்டைன்னு வரிசை தப்பாம நாள்பூரா செய்யிற கை, இதுக்கும் அதே வரிசைதான. கண்ணத் துணியால கட்டிவிட்டப்பக் கூட விரல் தானா போச்சு. அன்னைக்கு என் பக்கத்துல வந்து நின்ன பயிற்சியாளர், "நீங்க வெளிய என்ன வேலை?"ன்னு கேட்டாரு. சொன்னேன். "அதான பாத்தேன்"ன்னாரு. எம்புட்டு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? புள்ளைக்காகன்னு வந்தேன், அது நெசம்தான், ஆனா ரெண்டாவது வருசம் கூப்புட்ட அன்னைக்குப் பூட்ஸுக்கு மெருகு போட்டப்ப பாட்டுப் பாடிக்கிட்டே போட்டேன், அதுவும் நெசம். இங்க வந்து நிக்கிறப்ப நான் யாரு வீட்டுக்கும் வந்த விருந்தாளி இல்ல. இது என் வாசல். நான் சரின்னாத்தான் உள்ள போக முடியும். பதினேழு வருசமா இந்த ஊருல எல்லா வாசல்லயும் நான்தான் அட்டையக் காட்டுனேன், ஒரு வாசல்லயாவது அட்டைய வாங்கிப் பாக்குறேனே. அதுல என்ன தப்பு? ஆனா அதுக்கு ஒரு வெலை இருக்கும்ல, அந்த வெலை இன்னைக்கு ரெண்டு மணிக்கு வந்து நிக்கிது. ரூம் பொறுப்புன்னா சம்பளம் கூடும், அதச் சொல்லல. கொழந்தைக்கு நரம்பு கெடைக்கலன்னா மூணு தரம் குத்தாதீங்க, நிறுத்துங்கன்னு நான் சொன்னா அது இப்ப வேண்டுகோள், அப்ப உத்தரவு. வேர்த்து ஒழுகி ஒரு கர்ப்பிணி வந்து நின்னா வரிசைய ஒடச்சு முன்னால கூப்புடலாம், யாரையும் கேக்க வேணாம். அது எனக்கு வேணும். வேணும்னா வேணும், எனக்கு வெக்கமில்ல.

அப்ப ஏன் கேக்கல? இந்தா, திரும்பவும் அங்கயே வந்து நிக்கிது, செக்கு மாடு. சரி, ரோட்டப் பாத்துக்கிட்டே நெசத்தச் சொல்லு அங்கயற்கண்ணி, இங்க உன்னையத் தவுத்து யாரு இருக்கா. ரமோனுக்காக இல்ல. லிம்முக்காக இல்ல. கோ மேசைக்குப் பயந்துக்கிட்டு. ஆமா. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி துணைப் பொறுப்புக்கு ஒரு எடம் வந்துச்சு, என்னையக் கூப்புட்டாங்க. கோ கெட்டவரு இல்ல, கொரல் கூட ஒசத்த மாட்டாரு, ஒசத்துனாக் கூடப் பரவால்ல. கண்ணாடி மேசை, கண்ணாடிக்குக் கீழ என் முட்டி ரெண்டும் தெரியுது. "இந்த அறைய நடத்துறதப் பத்தி உங்க பார்வை என்ன?"ன்னு இங்கிலீசுல கேட்டாரு. எனக்கு எல்லாம் தெரியும். எது எங்க தடங்கும், யாரு எப்பச் சோந்து போவா, எந்தக் கெழமை கூட்டம் அம்மும், எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நிக்கிது, அங்கருந்து இங்கிலீசு ஆகணும், ஆகல. "குட், சார், வெரி குட்"ன்னேன். எது குட்? எனக்கே தெரியல. அவரு தலையாட்டிட்டு நன்றின்னு சொல்லிட்டாரு. கழிப்பறையில போயித் தண்ணியத் தெறந்துவிட்டு அழுதேன். அந்த நாற்காலியில திரும்ப உக்கார்றதுக்கு இந்த வெயில்ல இப்பிடியே சாயங்காலம் வரைக்கும் நிக்கிறேன்னு ஒடம்பு முடிவு பண்ணிருச்சு, வாயிக்கு அப்பறம்தான் தெரிஞ்சுச்சு. துப்பாக்கிய வச்சுக்கிட்டு ஒளிஞ்சுக்கிட்டேன். வெளிய பாக்குறவனுக்குக் காவல் நிக்கிறா, உள்ள பாத்தா ஒளிஞ்சுக்கிட்டு நிக்கிறா. தூ. ஒருத்தருக்கும் தெரியாதுங்குறதால இது பரவால்லன்னு ஆயிருமா? கபிலன் நாளைக்கு எதுக்காவது பயந்துக்கிட்டு வீட்டுக்குள்ள நின்னா நான் என்ன சொல்லுவேன்? என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?

வண்டி. கறுப்பு வண்டி, வேகம் கொறையுது. கைய நீட்டு, நிறுத்து. நின்னுருச்சு. ரமோன் அந்தப் பக்கம் நேரா ஆயிட்டான். கண்ணாடி எறங்குது, குளிர்க் காத்து என் மூஞ்சியில வந்து அடிக்கிது, ஐயோ என்ன சொகம். உள்ள ஒருத்தரு, அம்பது வயசுக்கு மேல, நெஞ்சுச் சின்னத்தப் பாத்தாலே தெரியுது, பெரிய எடம், கர்னல். அடையாள அட்டைய நீட்டுறாரு. வாங்குறேன். மூஞ்சிய அட்டையில பாரு, ஆளப் பாரு. பேரு சொல்லுங்க சார். சொன்னாரு. கடைசி நாலு எண். சொன்னாரு. அட்டையில இருக்குறதோட சேந்துச்சு. சேந்ததும் வாயி பாட்டுக்கு ஓடுது, நிறுத்த முடியல, "ராத்திரியிலருந்து ஒண்ணும் சாப்புடலையே? தண்ணி மட்டும்தான?" அந்த மனுசன் பாவம், ஒரு நொடி முழிச்சாரு, அப்பறம் பள்ளிக்கூடத்துப் புள்ளை மாதிரி, "காலையில ஒரு கோப்பி, காயா ஜாம் தடவுன ரொட்டி ரெண்டு துண்டு"ங்குறாரு. "அப்ப இன்னைக்கு எடுக்க முடியாது, நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க"ன்னு நான். நான்தான். கர்னல்கிட்ட. ரமோன் பக்கத்துலருந்து ஒரு சத்தம் வந்துச்சு, இருமலா சிரிப்பா தெரியல. "நாளைக்கா?" கர்னல் கையக் கீழ கியருக்குக் கொண்டு போறாரு, "ஆனா எனக்குக் கூட்டம் இன்னைக்குத்தானே?" அப்பத்தான் எனக்கு ஒறைக்கிது. ஆத்தாடி! மன்னிக்கணும் சார், மன்னிக்கணும், பழக்க தோசம், வெளிய நான் ரத்தம் எடுக்குற வேலை. சொல்லிட்டு வெறைச்சு நிக்கிறேன், காதெல்லாம் சுடுது, கொசு எப்பவோ ஓடிப் போயிருச்சு. அவரு ஸ்டியரிங்குல நெத்திய வச்சுச் சிரிக்கிறாரு, தோளு குலுங்குது. நிமுந்து கேட்டாரு, "எத்தன வருசமா?" பதினோரு வருசம் சார். "அதான். நான் வண்டியத் திருப்பிக்கிட்டுப் போகப் பாத்தேன்." அட்டைய வாங்கிக்கிட்டாரு, நான் தடுப்பத் தூக்குனேன், போயிட்டாரு. ரமோன் ரோட்டப் பாத்துக்கிட்டே மெதுவா, "ஏய், நானும் சாப்புட்டுட்டேன், நாளைக்கு வரட்டா?"ங்குறான். வாய மூடுடா, கேமரா இருக்கு.

சிரிப்ப அடக்குனா வயித்துல வலிக்கிது. லிம் கேமராவுல பாத்துருப்பான், சத்தம் கேட்டுருக்காது, பொழைச்சேன். இல்ல, கேட்டாக் கேட்டுட்டுப் போகட்டும். இரு. இரு, இதுல என்னமோ இருக்கு. அவரு வண்டியத் திருப்பப் பாத்தாரே! கர்னல். நாளைக்கு வாங்கன்னு நான் சொன்னதும், ஏன் எதுக்குன்னு கேக்காம, கை கியருக்குப் போச்சு. எப்பிடிச் சொன்னேன்? இங்கிலீசுலதான சொன்னேன். பேரு, எண்ணு, சாப்பாடு, நாளைக்கு வாங்க, மொத்தமும் இங்கிலீசு, ஒரு எடத்துல கூடத் தடுக்கல, தொண்டையில எதுவும் நின்னு யோசிக்கல. அப்ப இங்கிலீசு இல்லாம இல்ல, இருக்கு. நாள்பூரா பேசுறேனே, நாலு நாட்டு ஆளுககிட்டப் பேசுறேன், பயப்புடாதீங்க, கைய மூடுங்க, தெறங்க, முடிஞ்சுச்சு. வேலையில நிக்கிறப்ப எனக்குப் பேச்சு வருது. அந்தக் கண்ணாடி மேசைக்கு முன்னாடி உக்காந்தாத்தான் போயிருது, ஏன்னா அங்க நான் கேட்டு வந்தவளா உக்கார்றேன், கைய நீட்டிக்கிட்டு. கோ கர்னலவிடப் பெருசா? கொரல் கூட ஒசத்தாத மனுசன். அவருக்குச் சக்கரை கூட இருக்கு, மூணு மாசத்துக்கு ஒருக்க என் நாற்காலிக்குத்தான் வர்றாரு, ஊசியப் பாக்க மாட்டாரு, சொவத்துல இருக்குற மீன் படத்தப் பாத்துக்கிட்டுக் கைய நீட்டுவாரு. அவரு கைய நான் எத்தன தரம் பிடிச்சுருக்கேன். எனக்குச் சிரிப்பு வருது, கோவமும் வருது, எம் மேலதான். நேரம் ஆயிருச்சா? நெழல் காலடிக்கு வந்து தாண்டிருச்சு, ரெண்டு ஆகப் போகுது, இந்நேரம் ஷெர்லி புதுச் சட்டையோட கதவத் தட்டியிருப்பா. தட்டட்டும். எனக்கு அந்த நாற்காலி வேணாம். நான் நின்னுக்கிட்டே பேசுறேன். பேர அனுப்பிட்டாருன்னா? அனுப்பியிருந்தா போச்சு, போகட்டும், ஆனா என் பேச்சக் கேக்காம அனுப்புனது அவரு பாடா இருக்கட்டும், பேசாம இருந்தது எம் பாடா இருக்கக் கூடாது. வாங்கடா காவல் மாத்துற ஆளுகளா, எங்க போனீங்க. வர்றாங்க. ரோட்டுல போட்ட மஞ்சக் கோட்டுக்கிட்ட வந்துட்டாங்க.

மாத்திக்கிட்டோம். துப்பாக்கியச் சரிபாத்து ஒப்படைச்சாச்சு. பெட்டியத் தெறந்து போன எடுத்தேன், ரெஜினா அக்கா மூணு தரம் கூப்புட்டுருக்குது, எதையும் பாக்கல, கோ நம்பர அமுத்துனேன். காவலறைக்குப் பின்னாடி தண்ணித் தொட்டி, அதுக்குப் பக்கத்துல நெழல்ல நின்னேன். ரெண்டு தரம் அடிச்சதும் எடுத்தாரு. மிஸ்டர் கோ, நான் அங்கயற்கண்ணின்னேன், முழுசா. "நீங்க வரலையே. ஷெர்லி இப்பத்தான் வெளிய போறா"ன்னாரு. பேரு அனுப்பிட்டீங்களா சார்னு கேட்டேன். இன்னும் இல்லன்னாரு. "அப்ப என்னையும் கேட்டுட்டு அனுப்புங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் முகாம்ல இருக்கேன், வர முடியாது. இப்பக் கேளுங்க." அந்தப் பக்கம் நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு. கேட்டாரு. கூட்டம் அம்முனா என்ன செய்வீங்கன்னாரு. சொன்னேன். வெறும் வயித்துக் கெழடுங்க முதல்ல, சக்கரைக்காரங்க அடுத்து, கொழந்தைங்களுக்கு ஓரத்து நாற்காலி, அழுகைச் சத்தம் மத்தக் கொழந்தைக்குக் கேக்காத எடம், தடுப்புத் துணி எங்க போடணும்னு கூடச் சொன்னேன். ரெண்டு தரத்துக்கு மேல யாரும் குத்தக் கூடாது, மூணாவதுக்கு ஆள மாத்தணும், நானா இருந்தாலும் மாத்தணும்னேன். வெயில்ல பல்லி ஒண்ணு தொட்டி மேல ஏறி நின்னு என்னையே பாத்துச்சு.

"எல்லாம் சரி," அவரு மெதுவாச் சொன்னாரு, "ஆனா நீங்க வருசத்துல ரெண்டு வாரம் இல்லையே."

"நம்ம அறையில ஃபைசால் வருசா வருசம் படை மறுபயிற்சிக்குப் போறாரு, ஜுன்ஹாவ் போறாரு. அவங்க போறப்ப நம்ம அறைய மூடலையே சார். நாந்தான் அவங்க எடத்தையும் சேத்துப் பாத்தேன். என் ரெண்டு வாரத்துக்கு ஆள நான் வருசப் பொறப்புலயே போட்டு வச்சுருவேன்."

"அவங்க சட்டத்துக்காகப் போறாங்க. நீங்க உங்க விருப்பத்துக்குப் போறீங்க."

"ஆமா சார். என் விருப்பத்துக்கு."

"அடுத்த வருசமும் போவீங்களா?"

இதுக்கு ஒரு பொய் இருக்கு. சின்னப் பொய், பாப்போம் சார்னு ஒரு வார்த்தை, அம்புட்டுத்தான், நாக்கு நுனியில வந்து நிக்கிது. ரெஜினா அக்கா பக்கத்துல இருந்தா, சொல்லித் தொலைலான்னு இடுப்புல கிள்ளியிருக்கும்.

"போவேன் சார். கூப்புடுற வரைக்கும் போவேன்."

"ஷெர்லி எங்கயும் போக மாட்டா."

"தெரியும் சார். ஷெர்லி கை நல்ல கை. என் கை அதவிட நல்ல கை. உங்களுக்கே தெரியும்."

அவரு கண்ணாடி மேசையில பேனாவத் தட்டுறது கேக்குது. ரமோன் சாப்பாட்டுக் கூடத்து வாசல்லருந்து தட்டக் காட்டி வா வாங்குறான். நான் கைய ஆட்டி, நீ போன்னேன். கைப்பேசிய நான் வைக்கல. அவரு பேசட்டும், இல்ல அவரே வைக்கட்டும், அது வரைக்கும் நான் இங்கதான் நிக்கிறேன்.